சீனப் பழமைக்குச் சான்று

சீன நாகரிகம் ஐயாயிரம் ஆண்டுப் பழமை உடையது என்று சீனர் பெருமிதத்துடன் கூறுவதை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். பழமை பேசுவது நமக்கும் புதியதன்று. முதற் சங்கம் 4440 ஆண்டுகள் நடைபெற்றது என இறையனார் களவியல் உரை சொல்லும் கணக்கை இளமையில் நெட்டுருச் செய்தவர்கள் நாம். பிழைப்பின் பொருட்டு வெளி மாநிலங்களுக்கு வந்து, வேற்று மொழியினரோடு கலந்து பழகும்போதுதான், "அதற்குச் சான்று என்ன?" என்ற கேள்வி நம்மை நோக்கி வருகிறது. கேட்பவர் பகைவராக இருக்கவேண்டியதில்லை. பல வேளைகளில் நண்பராகவே இருப்பார். அதனாலேயே விடை சொல்வது கடினமாகிறது.

இதே கேள்வியைச் சீன அறிஞர் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்கு முன் தம்மைத் தாமே கேட்டுக்கொண்டனர். அவர்களுக்கு விடை கிடைத்த இடம் அரண்மனையன்று, நூலகமுமன்று, மருந்துக் கடை.

முதலில் மரபு கூறும் வரலாற்றைப் பார்ப்போம். ஆதியில் மஞ்சட் பேரரசர் என்பவர் ஆண்டார். அவருக்குப் பின் யாவோ, ஷுன் என்னும் அறவோர் வந்தனர். பெருவெள்ளத்தைக் கால்வாய் வெட்டி வடித்த யூ என்பவரின் வழியில் சியா வம்சம் தோன்றியது. அவ்வம்சத்தின் கடைசி மன்னன் கொடியவன். அவனை வீழ்த்தி ஷாங் வம்சம் எழுந்தது. அதன் கடைசி மன்னனும் கொடியவன். அவனை வீழ்த்திச் சௌ வம்சம் எழுந்தது. இவற்றையெல்லாம் மன்னர் பட்டியலோடு முறைப்படுத்தி எழுதிவைத்தவர், கி.மு. இரண்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பிறந்த சிமா சியேன் என்னும் அரசவை வரலாற்றாசிரியர். நூலைத் தொடங்கியவர் அவருடைய தந்தை. முடிப்பதாக மரணப் படுக்கையில் இருந்த தந்தைக்கு வாக்களித்தவர் மகன். பகைவரிடம் சரணடைந்த படைத்தலைவன் ஒருவனுக்காகப் பரிந்து பேசியதால் பேரரசரின் சினத்துக்கு ஆளாகி, ஆண்மை நீக்கும் தண்டனையை அவர் அடைந்தார். அந்த இழிவைவிடச் சாவே மேல் என்று தற்கொலை செய்துகொள்வதே அக்காலத்து மேன்மக்கள் வழக்கம். நூல் முடியவில்லையே என்பதற்காக அவர் உயிரோடு இருந்தார். 130 அதிகாரங்களையும் எழுதி முடித்தார்.

இவ்வளவு விலை கொடுத்து எழுதிய நூல் உண்மையாகத்தான் இருக்கவேண்டும் என்று நெஞ்சம் சொல்லும். அறிவு அவ்வாறு சொல்ல இயலாது. ஷாங் வம்சம் வீழ்ந்து ஏறத்தாழ 950 ஆண்டுகள் கழித்து எழுதியவர் அவர். அவ்வளவு பழைய மன்னரின் பெயர்கள் அவருக்கு எப்படித் தெரிந்தன? நல்லவன் தொடங்கிக் கொடியவன் முடிக்கும் கதை ஒரே அச்சில் வார்த்ததுபோல் இருமுறை வருவது ஏன்? இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், புதிய ஆராய்ச்சி முறைகளைக் கற்ற சீன இளைஞர் பலர், சியா மட்டுமன்றி ஷாங் வம்சத்தையும் கட்டுக்கதை என்று ஒதுக்கச் சித்தமாயிருந்தனர்.

இனி மருந்துக் கடைக்கு வருவோம். வட சீனத்து மருந்துக் கடைகளில் 'டிராகன் எலும்பு' என்றொரு சரக்கு உண்டு. மண்ணிலிருந்து தோண்டிய பழைய எலும்புகளைப் பொடித்துக் காய்ச்சலுக்கும் காயத்துக்கும் கொடுப்பார்கள். ஹெனான் மாகாணத்தில் ஆன்யாங் நகரை ஒட்டிய சியாவோதுன் என்னும் சிற்றூரில், உழவர் ஏர் ஓட்டும்போது இத்தகைய எலும்புகள் கிடைத்துவந்தன. சிலவற்றின்மேல் ஏதோ கீறல்கள் இருந்தன. கீறல் உள்ள எலும்பை வாங்கக் கடைக்காரர் தயங்கியதால், உழவர் அவற்றைச் சுரண்டி எடுத்துவிட்டு விற்றார்கள். எத்தனை மன்னர்களின் சரித்திரம் கஷாயமாகக் குடிக்கப்பட்டதோ, யார் கணக்குச் சொல்ல முடியும்?

1899-ஆம் ஆண்டில் பெய்ஜிங் அரசுக் கல்விக்கழகத்தின் தலைவர் வாங் யிரோங் இவ்வெலும்புகளின்மேல் இருப்பது எழுத்து என்று கண்டுகொண்டார். தமக்குக் காய்ச்சல் வந்து, மருந்துப் பொட்டலத்தைப் பிரித்தபோதே அவர் இதைக் கண்டார் என்று ஒரு கதை வழங்குகிறது. ஆராய்ச்சியாளர் அதை முழுதும் நம்புவதில்லை. பழம்பொருள் வணிகர் வழியாக வந்திருக்கும் என்பர். எப்படியாயினும், பழைய வெண்கலக் கலங்களின் எழுத்துகளில் தேர்ச்சி பெற்ற ஒருவருடைய கண்ணில் அவை பட்டது நற்பேறு. அவர் நூற்றுக்கணக்கில் வாங்கிச் சேர்த்தார். ஆராய அவகாசம் கிடைக்கவில்லை. 1900-இல் எட்டு நாட்டுப் படைகள் பெய்ஜிங்கினுள் புகுந்தபோது, நகர்க் காவலில் பொறுப்பேற்றிருந்த அவர் தம் வீட்டுக் கிணற்றில் குதித்து உயிர் நீத்தார்.

அவர் திரட்டியவற்றில் பெரும்பகுதி லியு தியெயுன் என்ற நண்பரிடம் சேர்ந்தது. அவர் 1903-இல் அவற்றின் மைப்படிகளை நூலாக அச்சிட்டார். நாவலாசிரியராகவும் புகழ்பெற்ற அவர் பின்னர் மேற்கெல்லைக்கு நாடுகடத்தப்பட்டு 1909-இல் மாண்டார். எலும்புகள் எங்கிருந்து வருகின்றன என்பதை வணிகர்கள் பல்லாண்டு மறைத்து, வேறு வேறு ஊர்ப் பெயர்களைச் சொல்லிவந்தனர். லுவோ சென்யூ என்னும் அறிஞர் 1908-இல்தான் சியாவோதுன் என்ற பெயரை அறிந்தார்.

இவர்களுக்குப் பின் வந்த வாங் குவோவெய் செய்ததுதான் இக்கதையின் உயிர்நாடி. எலும்புகளில் ஷாங் மன்னர் தம் முன்னோருக்குப் பலியிட்ட செய்திகள் வரிசையாக இருந்தன. இன்ன முன்னோருக்கு இன்ன நாளில் இத்தனை மாடு என்ற கணக்கு அது. அப்பெயர்களை வரிசைப்படுத்தி, சிமா சியேனின் பட்டியலோடு அவர் ஒப்பிட்டார். 1917-இல் முடிவை வெளியிட்டார். பெயருக்குப் பெயர் ஒத்துவந்தது! பிழைகள் இல்லாமல் இல்லை. வம்சம் அரசேறுமுன் வாழ்ந்த மூவர் பெயரைச் சிமா சியேன் பாவோ டிங், பாவோ யி, பாவோ பிங் என்று வரிசைப்படுத்தியிருந்தார். வேறு வேறு இடங்களில் கிடந்த இரண்டு உடைந்த துண்டுகளை வாங் குவோவெய் ஒட்டவைத்துப் பார்த்தபோது, பாவோ யி, பாவோ பிங், பாவோ டிங் என்பதே சரியான முறை என்று தெரிந்தது. நம் கருத்தில், இந்தச் சிறு பிழைதான் பெரிய சான்று. கற்பனை செய்பவன் எதையும் குறையின்றிச் செய்துவிடுவான். பழைய ஏட்டைப் பார்த்து எழுதுபவனே வரிசை மாற்றி எழுதுவான். சிமா சியேனிடம் உண்மையான ஏடுகள் இருந்திருக்கின்றன.

வாங் குவோவெய் 1927 ஜூன் 2-ஆம் நாள் பெய்ஜிங் கோடை அரண்மனையின் ஏரியில் தம்மை மாய்த்துக்கொண்டார். எலும்பைக் கண்டவரும் அதைப் படித்தவரும் நீரில் முடிந்தது தற்செயலே. ஆயினும் ஒரு பழைய உலகம் இடிந்து விழுந்த காலத்தில் அதன் மிகப் பழைய ஏட்டைக் கையில் வைத்திருந்தவர்கள் அவர்கள் என்பதை எண்ணாமல் இருக்க முடிவதில்லை.

அவ்வெலும்புகள் சொல்வது என்ன? ஆமையின் அடி ஓட்டையும் மாட்டின் தோள்பட்டை எலும்பையும் தேய்த்து மெருகிட்டு, பின்புறம் வரிசையாகக் குழிகள் குடைவார்கள். மன்னன் கேட்க விரும்பும் கேள்வியைக் குறிசொல்பவர் உரக்கச் சொல்லி, குழியில் நெருப்புச் சூட்டை வைப்பார். எலும்பு வெடிக்கும். நிமிர்ந்த ஒரு கோடும், அதன் பக்கத்தில் பிரியும் ஒரு சிறு கோடுமாக வெடிப்பு விழும். குறி பார்த்தலைக் குறிக்கும் சீன எழுத்து இன்றும் அதே இரண்டு கோடுகள்தாம். பின்பு நாள், குறிசொல்பவர் பெயர், கேள்வி, மன்னன் கூறிய பலன், சில வேளைகளில் நடந்தது என்ன என்பதையும் எலும்பிலேயே பொறிப்பார்கள்.

கேள்விகள் நாட்டைப் பற்றியவையும் உண்டு, வீட்டைப் பற்றியவையும் உண்டு. மழை பெய்யுமா, விளைச்சல் கிட்டுமா, இன்ன பகைவர்மேல் படையெடுக்கலாமா, வருகிற பத்து நாளில் தீங்கு வாராதிருக்குமா என்றெல்லாம் கேட்டார்கள். மன்னனுக்குப் பல்வலி, மறைந்த முன்னோருள் எவருடைய சினத்தால் வந்தது என்றும் கேட்டார்கள். கி.மு. 1200-ஐ ஒட்டி ஆண்ட வூ டிங் என்ற மன்னனின் மனைவி ஃபூ ஹாவோ கருவுற்றிருந்தாள். பிள்ளைப்பேறு நலமாகுமா என்று கேட்டபோது, டிங் நாளில் பிறந்தால் நன்று, கெங் நாளில் பிறந்தால் மிக நன்று என்று மன்னன் பலன் சொன்னான். முப்பத்தோராம் நாள், அவன் சொல்லாத வேறொரு நாளில், குழந்தை பிறந்தது. நன்றாகவில்லை, பெண் குழந்தை என்று பொறித்து முடித்திருக்கிறார்கள். மூவாயிரம் ஆண்டு கடந்தும் இந்தப் பேச்சு நமக்கு அந்நியமாக ஒலிக்கவில்லை என்பது வருத்தத்துக்குரியது.

அந்தத் தாயோ எளியவள் அல்லள். 13,000 பேர் கொண்ட படையை அவள் நடத்திச் சென்றது பற்றியும் எலும்பு பேசுகிறது. 1976-இல் அவளுடைய கல்லறை கொள்ளையர் கைபடாமல் அப்படியே கிடைத்தது. அரசர் இடுகாட்டில் இல்லாமல் தனியே, பின்னாளில் எழுந்த ஒரு கட்டடத்தின் அடியில் இருந்ததால் தப்பியது. 468 வெண்கலப் பொருள்கள், 755 பச்சைக்கல் பொருள்கள், ஏறத்தாழ 7,000 சோழிகள் இருந்தன. வெண்கலங்களில் அவள் பெயரே வார்க்கப்பட்டிருந்தது. எலும்பில் படித்த ஒருத்தி மண்ணுக்கு அடியில் தன் பெயரோடு கிடந்தாள். ஏட்டுச் சான்றும் பொருட் சான்றும் இவ்வளவு நெருங்கிச் சந்திப்பது அரிது. சோழி வெப்பக் கடல்களில் கிடைப்பது. ஆன்யாங் கடலிலிருந்து நெடுந்தொலைவில் உள்ளது. எவ்வளவு தூரத்து வணிகம் அன்று நடந்தது என்பதற்கு அச்சிறு பொருளே சாட்சி. செல்வம், வாங்குதல், விற்றல் ஆகியவற்றைக் குறிக்கும் பல சீன எழுத்துகளினுள்ளே சோழியின் பழைய வடிவம் இன்றும் ஒளிந்திருக்கிறது.

சியாவோதுனில் முறையான அகழ்வாய்வு 1928-இல் தொடங்கியது. அதற்கு மறு ஆண்டிலிருந்து தலைமை தாங்கியவர் லீ ஜி. 1937 வரை பதினைந்து முறை அகழ்ந்தனர். பதின்மூன்றாம் முறை முடியவேண்டிய நாளில், 1936 ஜூன் மாதத்தில், ஒரு குழியில் ஆமை ஓடுகள் செறிந்து கிடப்பது தெரிந்தது. தனித்தனியே எடுக்க இயலாதபடி அவை ஒட்டிக் கிடந்ததால், குழியை மண்ணோடு ஒரே பாளமாக வெட்டியெடுத்து, ஆட்களைக் கொண்டு சுமந்து, இரயிலேற்றி நான்ஜிங் கொண்டுபோனார்கள். பிரித்து எண்ணியபோது 17,096 துண்டுகள். மறு ஆண்டே ஜப்பானியப் போர் மூண்டது. பெட்டிகள் சாங்ஷாவுக்கும் குன்மிங்குக்கும் சிச்சுவானின் ஒரு சிற்றூருக்கும் அலைந்து, உள்நாட்டுப் போரின் இறுதியில் கடல் கடந்து தைவான் சேர்ந்தன. அறிஞருள்ளும் சிலர் பெட்டிகளோடு போயினர், சிலர் பெருநிலத்திலேயே நின்றுவிட்டனர். ஒரே குழியிலிருந்து வந்த சரித்திரம் இரண்டு கரைகளில் கிடக்கிறது.

அகழ்வு பெருமையை மட்டும் வெளிக்கொணரவில்லை. அரசர் கல்லறைகளிலும் அவற்றைச் சூழ்ந்த குழிகளிலும் தலை வெட்டுண்ட மனித எலும்புக்கூடுகள் வரிசை வரிசையாக இருந்தன. ஃபூ ஹாவோவுடன் பதினாறு பேர் புதைக்கப்பட்டிருந்தனர். மேற்கிலிருந்து சிறைபிடித்த சியாங் மக்களை எத்தனை பேர் பலியிடலாம் என்று முன்னோரைக் கேட்கும் கேள்விகள் எலும்புகளில் மீண்டும் மீண்டும் வருகின்றன. இதை மரபு நினைவில் வைத்திருக்கவில்லை. கன்பூசியஸ் ஷாங் மன்னர் வழியில் வந்த குடியினர். ஷாங் காலத்துச் சடங்குகளைப் பற்றித் தாம் பேச முடியும், ஆனால் அதை மெய்ப்பிக்கப் போதிய ஏடும் ஆளும் இல்லை என்று அவர் வருந்தியதாக அவருடைய உரையாடல் நூல் கூறுகிறது. அவருக்குக் கிட்டாத ஏடு நமக்குக் கிட்டியிருக்கிறது. இறந்தாரோடு புதைக்க மனித வடிவப் பாவை செய்தவனையே சபித்தவர் அவர் என்பர். இந்த ஏட்டை அவர் படித்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று நினைக்க நமக்குத் துணிவில்லை.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அவ்வெழுத்துகளைப் படிக்க முடிந்தது எப்படி? சிந்துவெளி முத்திரைகள் அவற்றினும் பழையவை. எத்தனையோ பேரறிஞர் முயன்றும் யாவரும் ஒப்பும்படி அவை படிக்கப்படவில்லை. அவ்வெழுத்துக்கு வழிவழி வந்த பிள்ளைகள் இல்லை. ஆன்யாங் எழுத்தோ சாகவில்லை. எலும்பிலிருந்து வெண்கலத்துக்கும், அங்கிருந்து மூங்கிலுக்கும் பட்டுக்கும் தாளுக்கும் உருமாறி வந்து, இன்றைய செய்தித்தாளில் இருக்கிறது. அப்படியிருந்தும், எலும்புகளில் காணும் நாலாயிரத்துக்கு மேற்பட்ட எழுத்துகளுள் பாதிக்கு மேல் இன்னும் பொருள் விளங்காதவையே.

ஷாங் உண்மை என்று ஆனதும், அப்படியானால் சியாவும் உண்மை, யூவும் உண்மை, மஞ்சட் பேரரசரும் உண்மை என்று மகிழ்ந்தவர் உண்டு. அவர்களுக்குத் தடையாக நின்றவர் கூ ஜியேகாங். 1923-இல் அவர் கூறிய கருத்து கூர்மையானது. ஏடுகளைக் காலமுறைப்படி அடுக்கிப் பார்த்தால், எவ்வளவு பிந்திய ஏடோ அவ்வளவு முந்திய அரசரைப் பற்றிப் பேசுகிறது. சௌ காலத்துப் பழைய பாடல்கள் யூவை அறியும், யாவோவை அறியா. யாவோவும் ஷுன்னும் பின்னே வருகின்றனர். மஞ்சட் பேரரசர் இன்னும் பின்னே. அடுக்கடுக்காக அடியில் செருகிய கதை இது என்றார். நாட்டுப்பற்று இல்லாதவர் என்று அவரை ஏசியவர்கள் இருந்தனர். 1929-இல் அவருடைய பள்ளிப் பாடநூலை அரசு தடை செய்தது. ஆனால் வாங் குவோவெய்யின் பொறுமையும் கூ ஜியேகாங்கின் ஐயமும் ஒன்றுக்கொன்று பகையல்ல என்றே நாம் எண்ணுகிறோம். இருவரும் கேட்டது சான்றுதான்.

சியாவைத் தேடி 1959-இல் புறப்பட்ட ஆராய்ச்சியாளர், லுவோயாங்குக்கு அருகே எர்லிதோ என்னுமிடத்தில் ஒரு பெருநகரைக் கண்டனர். கி.மு. 1750 முதல் 1530 வரை அது செழித்திருந்தது. அரண்மனை அடித்தளங்களும், நேரான வீதிகளும், வெண்கலக் கிண்ணங்களும், ஈராயிரம் பச்சை நீலக்கல் துண்டுகளால் இழைத்த டிராகன் உருவும் கிடைத்தன. எழுத்து கிடைக்கவில்லை. காலமும் இடமும் சியாவுக்குப் பொருந்துகின்றன என்று சீன ஆராய்ச்சியாளருள் பெரும்பாலார் கருதுகின்றனர்; ஊர் தன் பெயரைத் தானே சொல்லும்வரை பொறுக்கவேண்டும் என்கின்றனர் பிறர். நாம் பின்னவர் பக்கம்.

சியாவோடு வேறொரு எண்ணமும் ஆட்டம் கண்டது. மஞ்சள் ஆற்றின் நடுப்பகுதியே சீன நாகரிகத்தின் ஒரே தொட்டில், அங்கிருந்தே யாவும் பரவின என்று நெடுங்காலம் நம்பப்பட்டது. தென்கிழக்கே, ஹாங்சோவுக்கு அருகில் லியாங்சூ என்னுமிடத்தில், கி.மு. 3300 முதல் 2300 வரை வாழ்ந்தவர்கள் மதில் சூழ்ந்த நகரும் மலையடிவாரத்தில் அணைகளும் கட்டியிருந்தனர். அவர்கள் நெல் விளைத்தவர்கள், பச்சைக்கல்லில் மயிரிழை போன்ற கோடுகள் செதுக்கியவர்கள். எர்லிதோவுக்கு ஆயிரத்தைந்நூறு ஆண்டு முந்தியே அவர்கள் தொடங்கிவிட்டனர். மேற்கே சிச்சுவானில் சான்சிங்துய் என்னுமிடத்தில் 1986-இல் இரண்டு குழிகளிலிருந்து வெண்கல உருவங்கள் வெளிவந்தன: துருத்திய விழிகளையுடைய முகங்கள், பீடத்தோடு 2.6 மீட்டர் உயரமான ஓர் ஆள். ஷாங் மன்னர் ஆண்ட காலத்திலேயே வாழ்ந்த அம்மக்களைப் பற்றி எந்தப் பழைய ஏடும் தெளிவாகச் சொல்லவில்லை. வடக்கில் தினையும் தெற்கில் நெல்லும் உள்நாட்டில் பண்பட்டவை. கோதுமையும் செம்மறியும் மேற்காசியாவிலிருந்து வந்தவை. ஆன்யாங்கில் திடீரெனத் தோன்றும் குதிரைத் தேர் புல்வெளி நாட்டார் கொடை. வேர் ஒன்றன்று, பல.

கி.மு. 1046-ஐ ஒட்டிச் சௌ மன்னர் ஷாங்கை வென்றனர். அவ்வெற்றிக்குச் சில ஆண்டுகளுக்குப் பின் வார்த்த ஒரு மதுக்கலம், ஷான்சி மாகாணத்துப் பாவோஜி அருகே 1963-இல் ஓர் உழவர் குடும்பத்துக்குக் கிடைத்தது. பழைய உலோகம் வாங்கும் கடைக்கு அது எடைக்குப் போயிற்று. உருக்குமுன் அருங்காட்சியகத்தார் ஒருவர் கண்டு, முப்பது யுவான் கொடுத்து மீட்டார். பன்னிரண்டு ஆண்டுகள் கழித்துத் துருவைத் துடைத்தபோதுதான் அடியில் 122 எழுத்துகள் இருப்பது தெரிந்தது. சீனர் தம் நாட்டுக்கு இன்று வழங்கும் 'நடு நாடு' என்னும் பெயர், நமக்குக் கிடைத்தவற்றுள் முதன்முதலாக எழுத்தில் வருவது அக்கலத்தில்தான். அங்கே அது ஒரு பெருநாட்டின் பெயராக வரவில்லை. லுவோயாங்கைச் சுற்றிய சிறு நிலப்பகுதிக்கு, எங்கிருந்தும் வழி வந்து கூடும் நடுவிடம் என்ற பொருளில், அச்சொல்லைப் பொறித்திருக்கிறார்கள்.